ஒன்றரை ஷிப்ட் செய்தவருக்கு எவ்வளவு சம்பளம் வர வேண்டும்?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரின் தங்கை திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருகிறார். ஒரு ஷிப்ட்டுக்கு 600 ரூபாய். மாலை ஐந்தரையோடு ஒரு ஷிப்ட் முடிகிறது. அதற்குமேல் எட்டரை வரை இருந்தால் அரை ஷிப்ட். ஆக ஒரு நாளைக்கு 900 ரூபாய் என்று கணக்குப் போட்டு சனிக்கிழமை கையில் தருகிறார்கள். ஆனால் கம்பெனி ரெஜிஸ்டரில் அவர் தினமும் ஐந்தரைக்கே வீட்டுக்குப் போனதாகத்தான் இருக்கிறதாம். இது சரியா, கேட்டால் வேலை போய்விடுமா, கேட்பதற்கு என்ன ஆதாரம் வேண்டும்? இவைதான் கேள்விகள்.

சரியில்லை. தங்கைக்கு ஒவ்வொரு நாளும் 150 ரூபாய் குறைகிறது. எப்படி என்று பார்ப்போம்.

மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணிநேரம் போக, எட்டரையிலிருந்து ஐந்தரை வரை எட்டு மணிநேர வேலை. 600 ரூபாயை எட்டால் வகுத்தால் மணிக்கு 75 ரூபாய். ஐந்தரைக்கு மேல் செய்கிற மூன்று மணிநேரமும் மிகை நேரம், அதாவது ஓடி. இந்தியச் சட்டப்படி ஓடிக்கு சாதாரண விகிதத்தைப்போல இரண்டு மடங்கு தர வேண்டும். மணிக்கு 150, மூன்று மணிநேரத்துக்கு 450. ஆக அந்த நாளின் சம்பளம் 1,050 ரூபாய்.

இந்த இடத்தில் கம்பெனி தரப்பில் வழக்கமாக ஒரு பதில் வரும்: "மூணு மணிநேரம் இருந்ததுக்கு அரை ஷிப்ட், அதாவது நாலு மணிநேரக் காசு தர்றோமே, இது கூடுதல்தானே?" கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் சட்டம் கேட்பது ஆறு மணிநேரக் காசு. மாதம் 26 நாள் என்று வைத்தால் குறைகிற தொகை 3,900 ரூபாய், வருடத்துக்கு 46,800. தங்கை மாதிரி நூறு பேர் வேலை பார்க்கிற கம்பெனி என்றால் அந்த முதலாளியிடம் ஒரு வருடத்தில் தங்கிவிடுகிற தொகை எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரட்டிப்பு என்பது கருணைத் தொகை இல்லை. முதலாளி கூடுதல் நேரம் வேலை வாங்குவது அவருக்குச் செலவு பிடிக்கிற விஷயமாக இருக்க வேண்டும், அப்போதுதான் இன்னும் ஆளெடுப்பார், இருப்பவர்களைக் கசக்க மாட்டார் என்பதற்காக வைக்கப்பட்ட தடை அது. அந்தத் தடைக்குப் பின்னால் நீண்ட போராட்டம் இருக்கிறது. வேலை நேரம் பற்றிய முதல் சர்வதேச உடன்படிக்கை 1919இல் வந்தது. பொதுவாக வாரம் 48 மணிநேரம் என்று சொன்ன அதே உடன்படிக்கை, அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவுக்கு 60 மணிநேரம் என்று தனியாக எழுதியது. சென்னையில் சிங்காரவேலர் மே தினக் கொடி ஏற்றியது 1923இல். 1934ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நேரத்தை 54 ஆக்கியது. அம்பேத்கர் வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது எடுத்த முயற்சியில் 1946இல்தான் 48க்கு வந்தோம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அதை உறுதியாக்கி, மேற்கொண்டு செய்கிற ஒவ்வொரு மணிக்கும் இரட்டிப்பு என்று 59ஆவது பிரிவில் எழுதியது.

இப்போது சட்டங்களின் பெயர் மாறியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. தங்கையின் விஷயத்துக்கு இரண்டு முக்கியம்: 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பு, 2020ஆம் ஆண்டு தொழிற்பாதுகாப்பு மற்றும் பணிச்சூழல் சட்டத் தொகுப்பு. புதுச் சட்டம் வந்ததால் இரட்டிப்பு போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு தொகுப்புகளிலும் இரட்டிப்பு அப்படியே இருக்கிறது. இன்னும் ஒன்று சேர்ந்திருக்கிறது: ஓடி பார்க்கத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும். "இன்னைக்கு ஷிப்மென்ட், யாரும் போகக்கூடாது" என்று கேட்டை மூடுவது சம்மதம் ஆகாது. அப்புறம், பெண்களை இரவு ஏழு மணிக்கு மேல் வேலைக்கு வைக்க வேண்டும் என்றால் அதற்கும் அவர்களுடைய சம்மதமும், சட்டம் சொல்கிற பாதுகாப்பு ஏற்பாடுகளும் வேண்டும். தங்கை எட்டரை வரை இருக்கிறார் என்பதால் இதையும் சொல்கிறேன்.

கொரோனா காலத்தில் இந்த உரிமையைத் தூக்கிவிடப் பார்த்தார்கள். 2020 ஏப்ரலில் குஜராத் அரசு ஓர் அறிவிக்கை போட்டு, தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணிநேரம் வேலை வாங்கலாம், கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு தர வேண்டியதில்லை, சாதாரண விகிதம் போதும் என்றது. தொழிற்சங்கங்கள் உச்ச நீதிமன்றம் போயின. அதே வருடம் அக்டோபர் 1ஆம் தேதி, நீதிபதி சந்திரசூட் அமர்வு அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. அதோடு நிறுத்தாமல், இடைப்பட்ட மாதங்களில் உழைத்தவர்களுக்கு ஓடிப் பணத்தைக் கொடுக்கவும் உத்தரவிட்டது. பெருந்தொற்று நேரத்திலேயே சலுகை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, "இப்ப ஆர்டர் டல்லா இருக்கு" என்பதெல்லாம் ஒரு காரணமே இல்லை. தமிழ்நாட்டிலும் 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணிநேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு வலுத்ததும் சில நாட்களில் நிறுத்திவைத்தார்கள். மே தினத்தன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்.

சரி, ஓடி ஒரு பக்கம். அதைவிட எனக்குக் கோபம் வருவது, ஓடி என்ற கணக்குக்குள்ளேயே வராமல் காணாமல் போகிற நிமிடங்கள்மேல். எட்டரைக்கு பெல் என்றால் எட்டேகாலுக்கே வந்து டேபிள் துடைத்து, பீஸ் கட்டுகளைப் பிரித்து வைத்திருக்க வேண்டும். இரவு பெல் அடித்த பிறகு மீதிப் பீஸை எண்ணி எழுதிக் கொடுக்க வேண்டும். கேட்டில் பையைச் சோதித்து அனுப்பும் வரை வரிசையில் நிற்க வேண்டும். ஜவுளிக்கடையில் ஷட்டர் இறக்கிய பிறகு சேலைகளை மடித்து அடுக்குகிற நேரமும், சூப்பர் மார்க்கெட்டில் கல்லாக் கணக்கு டேலி ஆகிற வரை காத்திருக்கிற நேரமும் இதே வகைதான். முதலாளி சொல்லி, முதலாளியின் வேலைக்காக, வீட்டுக்குப் போக முடியாமல் நிற்கிற நேரம் வேலை நேரம். வேலை நேரம் என்றால் தொழிலாளி முதலாளியின் வசத்தில் இருக்கிற நேரம் என்றுதான் 1930இல் வந்த கடை, அலுவலக ஊழியர்களுக்கான சர்வதேச உடன்படிக்கையும் வரையறுத்தது. காலையில் பதினைந்து நிமிடம், இரவில் பதினைந்து நிமிடம் என்றால் ஒரு நாளைக்கு அரை மணிநேரம். மாதம் பதிமூன்று மணிநேரம் சும்மா போகிறது. இரட்டிப்பு விகிதத்தில் 1,950 ரூபாய்.

இதே வகையில் கம்பெனிகளில் இன்னொரு பழக்கம் உண்டு. ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால் அரை நாள் கட். நிறைய பேர் இதைக் கம்பெனி ரூல் என்று நம்பிக்கொண்டு வாய் திறப்பதில்லை. வராத நேரத்துக்கு எவ்வளவு பிடிக்கலாம் என்பதற்குச் சட்டத்தில் அளவு இருக்கிறது: வராத நேரத்தின் விகிதம் எவ்வளவோ அவ்வளவுதான். பத்து நிமிடத்துக்குப் பத்து நிமிடச் சம்பளத்தைப் பிடிக்கலாம், நாலு மணிநேரத்தைப் பிடிக்க முடியாது. அபராதம் என்று தனியாகப் போட்டாலும், எதற்கெல்லாம் அபராதம் என்று முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும், தொழிலாளியின் விளக்கத்தைக் கேட்க வேண்டும், மாதச் சம்பளத்தில் மூன்று சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 1936ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலேயே இருந்த விதிகள்தான் இவை. புதுத் தொகுப்பிலும் தொடர்கின்றன.

கரண்ட் இல்லை, துணி வரவில்லை என்று பதினொரு மணிக்கு வீட்டுக்கு அனுப்புகிற நாளுக்கும் விதி உண்டு. குறைந்தபட்சக் கூலி நாள் கணக்கில் நிர்ணயிக்கப்பட்ட வேலையில், தொழிலாளி தயாராக வந்தும் முதலாளியால் வேலை கொடுக்க முடியவில்லை என்றால் முழு நாள் கூலி தர வேண்டும். விதிவிலக்குகள் சில இருந்தாலும் அடிப்படை இதுதான்.

பீஸ் ரேட்டில், அதாவது முடித்த பீஸ் எண்ணிக்கைக்குக் கூலி என்ற கணக்கில், வேலை செய்கிறவர்கள் தங்களுக்கு ஓடியே கிடையாது என்று நினைக்கிறார்கள். அதுவும் தவறு. பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் கணக்கு எளிமையானது: முந்தைய மாதத்தில் முழு நேரம் வேலை செய்த நாட்களில் சராசரியாக எவ்வளவு சம்பாதித்தார் என்று பார்த்து, அதைத்தான் அவருடைய நாள் விகிதமாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதன்மேல் இரட்டிப்பு.

"நாங்க கம்பெனி ஆள் இல்ல, கான்ட்ராக்டர் ஆள்" என்பது இன்னொரு தயக்கம். கான்ட்ராக்டர்தான் முதலில் கொடுக்க வேண்டும். அவர் கொடுக்காவிட்டால் வேலை நடந்த நிறுவனத்தின் உரிமையாளர் பொறுப்பு. வடமாநிலத்திலிருந்து வந்து இங்கே தங்கி வேலை பார்ப்பவர்களுக்கும் இதே விகிதம்தான், ஒரு பைசா குறையாது. "எக்ஸிகியூட்டிவ்" என்று அடையாள அட்டையில் போட்டுவிட்டு ஓடி கிடையாது என்கிற அலுவலகங்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: ஒருவர் தொழிலாளியா இல்லையா என்பதை அவர் நிஜமாக என்ன வேலை செய்கிறார் என்பதை வைத்துத்தான் நீதிமன்றங்கள் முடிவு செய்கின்றன, பதவியின் பெயரை வைத்து இல்லை.

இனி அந்த ரெஜிஸ்டர் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இதில்தான் கவலை அதிகம். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு நிறுவனம், அதாவது பையர், ஆடிட்டுக்கு வரும்போது காட்ட ஒரு ரெஜிஸ்டர், நிஜக் கணக்குக்கு ஒரு நோட்டு என்று இரண்டு வைப்பது கேள்விப்படாத விஷயம் இல்லை. ஐந்தரைக்கு கார்டு பஞ்ச் பண்ணிவிட்டு மறுபடி வந்து டேபிளில் நிற்கச் சொல்வார்கள். பணம் போவது மட்டும் இதில் உள்ள ஆபத்து இல்லை. இரவு ஏழரைக்கு மெஷினில் கை மாட்டினால், ரெஜிஸ்டர்படி அந்தப் பெண் அங்கே இல்லவே இல்லை. வேலை நேரத்தில் பட்ட காயம் என்று இ.எஸ்.ஐ.யில், அதாவது அரசின் தொழிலாளர் காப்பீட்டில், நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும்.

அதனால் ஆதாரம் பற்றிய கேள்விக்கு என் பதில்: தங்கை இன்றைக்கே ஒரு நோட்டு வாங்கட்டும். மற்றதெல்லாம் பிறகு. ஒரு செக்கிங் பெண்மணி வைத்திருந்த நோட்டை நான் பார்த்திருக்கிறேன். நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டுதான். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி: தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், அன்றைக்கு ஓடிய ஸ்டைல் நம்பர் (ஆர்டரில் உள்ள டிசைனுக்குக் கொடுக்கிற எண்), நிற்கச் சொன்ன சூப்பர்வைசரின் பெயர். சனிக்கிழமை வரியில் கைக்கு வந்த தொகை. சில வரிகளில் "கரண்ட் இல்ல, 2 மணி வரை சும்மா" என்றும் இருந்தது. ஸ்டைல் நம்பர் எழுதியதுதான் அதில் கெட்டிக்காரத்தனம். எந்த ஆர்டர் எந்த இரவில் பேக்கிங் ஆனது என்பது கம்பெனியின் சொந்த ஏற்றுமதிக் காகிதங்களிலேயே இருக்கும். நோட்டோடு ஒப்பிட்டால் யார் சொல்வது உண்மை என்று தெரிந்துவிடும். அன்றன்றைக்கே எழுத வேண்டும் என்பது முக்கியம். மாதக் கடைசியில் மொத்தமாக உட்கார்ந்து ஒரே பேனாவில் எழுதினால், பார்க்கிற அதிகாரிக்கே சந்தேகம் வரும்.

நோட்டுக்குத் துணையாகச் சேர்த்து வைக்கக் கூடியவை நிறைய உண்டு. சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற "இன்னைக்கு நைட் இருக்கணும்" குரல் பதிவு, இரவு பஸ் டிக்கெட், கம்பெனி வேன் ஏறியதும் வீட்டுக்குப் போட்ட மெசேஜ், சம்பளக் கவரின் போட்டோ. சம்பளச் சீட்டு கொடுப்பது முதலாளியின் சட்டக் கடமை. அதை ஒருமுறை எழுத்தில் கேட்டு வைத்தால், கேட்டும் கொடுக்கவில்லை என்பதும் ஆதாரம்தான். ஆனால் கம்பெனி ரெஜிஸ்டரையோ கணக்கு நோட்டையோ எடுத்து வந்துவிடாதீர்கள். திருட்டுப் புகார் கொடுக்க அவர்களுக்கு நாமே வாய்ப்புக் கொடுத்ததாக ஆகிவிடும்.

ஆதாரம் குறைவாக இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். சம்பளம் குறைத்துக் கொடுத்தார்கள் என்று தொழிலாளி மனுப் போட்டுவிட்டால், முழுதாகக் கொடுத்தோம் என்று நிரூபிக்கிற பாரம் முதலாளியின் தலையில் என்று ஊதியச் சட்டத் தொகுப்பின் 59ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் எத்தனை மணிநேரம் வேலை நடந்தது என்பதில் தகராறு வரும்போது வெறும் வாய்ச்சொல்லாக இல்லாமல் நம்மிடம் ஒரு கணக்கு இருந்தால்தான் அந்தப் பிரிவு முழுதாக உதவும். நோட்டை நான் இவ்வளவு வலியுறுத்துவது அதனால்தான்.

மனு எங்கே கொடுப்பது? தொழிலாளர் துறை அலுவலகத்தில், எல்லாரும் லேபர் ஆபீஸ் என்று சொல்கிற இடத்தில் விசாரித்தால் உங்கள் பகுதிக்கான அதிகாரி யார் என்று சொல்வார்கள். தொழிலாளியே கொடுக்கலாம், தொழிற்சங்கம் மூலமாகவும் கொடுக்கலாம். பாக்கி ஏற்பட்ட நாளிலிருந்து மூன்று வருடம் வரை அவகாசம் இருக்கிறது. பழைய சட்டங்களில் ஆறு மாதம், ஒரு வருடம் என்றுதான் இருந்தது; காலம் கடந்துவிட்டது என்ற ஒரே காரணத்தால் எத்தனையோ பேர் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்கள். பாக்கித் தொகையோடு அதைப்போலப் பத்து மடங்கு வரை இழப்பீடு வழங்கவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. பத்து மடங்கு என்பது உச்சவரம்பு. அதை நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள். பாக்கி முழுதாக வந்தாலே பெரிய விஷயம். உத்தரவு வந்தும் கட்டாவிட்டால் நில வரி பாக்கியை வசூலிப்பதுபோல கலெக்டர் மூலம் வசூலிக்கலாம்.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கிற சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளிகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் கிடைப்பார். 1987ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த உரிமை அது. தங்கைக்கு இரண்டு வழியிலும் தகுதி உண்டு.

கடைசியாக, கஷ்டமான கேள்வி: கேட்டால் வேலை போகுமா? போகலாம். சட்டப்படி செய்யக்கூடாது என்பதால் செய்யாமல் இருந்துவிடுவார்கள் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். தனியாகப் போய்க் கேட்டவரை அடுத்த வாரமே "ஆர்டர் இல்ல, சொல்லி அனுப்பறோம்" என்று நிறுத்துவது நடக்கிறது. அதனால் தனியாகக் கேட்க வேண்டாம் என்பதுதான் என் உறுதியான கருத்து. ஒரே மனுவில் எத்தனை பேர் வேண்டுமானாலும் சேர்ந்து பணம் கேட்கலாம் என்று சட்டமே இடம் கொடுக்கிறது. ஒரே டேபிளில் நிற்கிற ஐந்தாறு பேர் சேர்ந்தாலே நிலைமை வேறு. ஷிப்மென்ட் நேரத்தில் செக்கிங் ஆட்கள் மொத்தப் பேரையும் வெளியே அனுப்ப எந்த முதலாளிக்கும் கட்டுப்படியாகாது. திருப்பூரில் சங்கங்களுக்குப் பஞ்சமில்லை. எந்தக் கொடி என்று பார்ப்பதைவிட, அந்தச் சங்கத்து ஆட்கள் லேபர் ஆபீஸுக்குக் கூடவே வருகிறார்களா என்று பாருங்கள்.

சேர்வதற்கு ஆளே கிடைக்கவில்லை, குடும்பத்துக்கு இந்த வேலை இப்போது அவசியம் என்றால், தங்கை அமைதியாக நோட்டை மட்டும் எழுதி வரட்டும். அதில் கோழைத்தனம் எதுவும் இல்லை. மூன்று வருட அவகாசம் இருப்பதால், வேறு கம்பெனிக்கு மாறிய பிறகுகூட மனுக் கொடுக்கலாம். வேலையை விட்ட இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கிச் சம்பளத்தைத் தீர்க்க வேண்டும் என்பதும் சட்டம். அந்த செட்டில்மென்ட் நாளில்தான் கவனம் தேவை. "எல்லாப் பணமும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்று அச்சடித்த தாளை நீட்டுவார்கள். உரிமையை விட்டுக்கொடுக்கிற ஒப்பந்தம் செல்லாது என்று ஊதியச் சட்டத் தொகுப்பிலேயே இருக்கிறது. இருந்தாலும் அந்தத் தாளை வைத்து விசாரணையை இழுத்தடிப்பார்கள். ஆகவே கையெழுத்துப் போடும் முன் வாங்கிய தொகையையும் தேதியையும் தன் கையால் எழுதி, "ஓடி பாக்கி நீங்கலாக" என்று பக்கத்தில் சேர்த்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். வெற்றுத் தாள் என்றால் போடவே வேண்டாம்.